விடுங்க, விடாதீங்க

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பொறுமைசாலி என்பார்கள். கூட இருந்து பார்த்தால் அல்லவா தெரியும்! கார் கதவில் விழுந்த பள்ளத்துக்கு முன்னால் மூன்று நாள் பொறுமையாக உட்காருவார். நான் ஒரு பேச்சைச் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற மனுஷன் என்று வருஷக்கணக்காக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் காதைப் பற்றித்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

இவர் டிங்கர். மோதி நசுங்கிய காரைக் கொண்டுவந்து நிறுத்தினால், தட்டித் தட்டி நிமிர்த்தி, மிச்சம் மீதிக்குப் பட்டி என்கிற பசையை வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்து வெளியே விடுவார். அடிபட்டது எந்தக் கதவு என்று வண்டிக்காரரே தேட வேண்டும். பட்டறையில் இவருக்கு மாயக்கை என்று பெயர். அதே பட்டறையின் முன்பக்க அறையில் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தவள் நான். உள்ளே அவர் டங் டங் என்று தட்ட, வெளியே என் மிஷின் கடகடவென்று ஓட, அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எங்கள் கல்யாணப் பேச்சே நடந்தது. "என்ன?" "ஆங்?" "என்னன்னு கேட்டேன்!" இப்படிக் கத்திக் கத்தியே பழகிவிட்டதால், இவர் எதையும் இரண்டு தடவை கேட்பது எனக்கு விசேஷமாகவே படவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓர் அம்மா பட்டறைக்கு வந்தார். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வீட்டில் விமானம் செய்கிறவர்களின் வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற அதிகாரமும் அவருக்கு உண்டு. கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். நாங்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான். அவருடைய விமானத்தின் இன்ஜின் மூடி எதிலோ இடித்து நெளிந்துபோயிருந்தது. இவர் அதை நிமிர்த்திக் கொடுத்தார். சந்தோஷத்தில் அந்த அம்மா இவரை ஒரு சுற்று மேலே கூட்டிப்போனார். இறங்கி வந்தவர் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"நாமளே ஒண்ணு செய்யலாம்."

"என்னது?"

"ஏரோப்ளேன்."

"முதல்ல வாயைக் கொப்புளிங்க" என்றேன்.

கொப்புளித்துவிட்டு வந்தும் அதையேதான் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பெட்டி பெட்டியாக அலுமினியத் தகடும் வரைபடமும் வந்து இறங்கிய அன்றுதான் ஆள் நிஜமாகவே கிளம்பிவிட்டார் என்று புரிந்தது. பட்டறைக்குப் பின்னால் இருந்த கொட்டகையைக் காலி செய்தோம். அங்கேயும் இடம் போதாமல் வால் துடுப்பு எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. எட்டு மாசம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். இன்னொரு பக்கம் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கிவிட்டார். இத்தனை பாடும் எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான்: அது முதல் முறையாகத் தரையை விட்டுக் கிளம்பும்போது அந்த சீட்டில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைத் தவிர வாழ்க்கையில் அவர் வேறு எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இரும்பில் ஊறின கை அலுமினியத்துக்குப் பழக நாளானது. பென்சிலால் கோடு போடக்கூடாது, பின்னால் அரித்துவிடும். ஆணியால் கீறிக் குறி வைக்கக்கூடாது, கீறல் பிறகு விரிசலாகும். சூடு காட்டி நிமிர்த்தக்கூடாது, தகட்டின் வலுவே போய்விடும். முப்பது வருஷமாகச் செய்ததை எல்லாம் செய்யாதே என்றால் மனுஷன் என்ன செய்வார்? இறக்கையில் சுத்தியல் நழுவி ஒரு சின்னப் பள்ளம் விழுந்ததும், பழக்கதோஷத்தில் கொஞ்சம் பட்டியை அப்பி வழவழவென்று தேய்த்து வைத்துவிட்டார். எனக்குப் பார்த்தால் தெரியவே இல்லை.

பூதக்கண்ணாடி அம்மா வந்து அந்த இறக்கையை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனார். டிங், டிங், டிங், டொக்.

"சத்தம் மாறுது, கேட்டுச்சா?" என்றார்.

இவர் தலையை ஆட்டினார்.

"பட்டி பள்ளத்தை மறைக்கும், பாரத்தைத் தாங்காது. காருக்கு சரி, இதுக்கு வேணாம். தப்பு நடந்தா மறைக்காதீங்க. எங்கே, ஏன், எப்படி சரி பண்ணீங்கன்னு நோட்டுல எழுதுங்க. அதுக்கப்புறம் நான் பார்க்கறேன்."

பட்டியை முழுக்கச் சுரண்டி எடுத்தார். அன்றிலிருந்து எழுதினார். கீறல் விழுந்தால், மெல்லிய உப்புத்தாளை நனைத்துத் தகட்டின் நீளவாக்கிலேயே தேய்த்து, நகத்தால் வருடிப் பார்ப்பார். நகம் எங்கும் தட்டாமல் போனால்தான் எழுந்திருப்பார். அப்புறம் நோட்டில் ஒரு வரி. கல்யாணமான புதிதில்கூட எனக்கு அவர் கையால் ஒரு வரி எழுதினதில்லை.

இனி நான் உள்ளே வந்த கதை. விமானத்தை ஆணி அடித்துத்தான் பூட்ட வேண்டும், ரிவெட் ஆணி. வெளியிலிருந்து ஓர் ஆள் காற்றுத் துப்பாக்கியால் ஆணியின் தலையில் அடிக்க வேண்டும். உள்ளேயிருந்து இன்னோர் ஆள் கனமான இரும்புக் கட்டியை அதன் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். துப்பாக்கி அடிக்க அடிக்க வால் இரும்பில் முட்டி நசுங்கிப் பொத்தான் மாதிரி உட்காரும். இரும்பு நூலளவு விலகினாலும் அடி முழுக்கத் தகட்டில் இறங்கிவிடும். வால் பக்கம் விமானத்தின் உடம்பு குறுகிக்கொண்டே போகும், அங்கே இவர் தோள் நுழையாது. நான் ஒல்லி. அந்த இரும்புக்கு முட்டுக்கட்டை என்று பெயர் வைத்து என் கையில் கொடுத்தார்.

"எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுவியே, இந்தா, இனிமே இதையே போடு."

சிரித்தேன். அப்போதெல்லாம் சிரிப்பு வந்தது. நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தவாக்கில் உள்ளே போவேன். "நீங்களும் வச்சுக்கோங்க" என்றால், "எனக்குப் பழகிப்போச்சு" என்பார். கட்டையைச் சரியாக வைத்ததும் "விடுங்க" என்று குரல் கொடுப்பேன், அடிப்பார். கட்டை நகர்ந்துவிட்டாலோ கை மாற்ற வேண்டியிருந்தாலோ "விடாதீங்க" என்பேன், நிற்பார். நிற்க வேண்டும்.

பத்து மாசத்தில் பதினோரு பள்ளம். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் போகும். ஆணியின் தலையை மட்டும் அளவாகத் துளைத்து உடைத்து, வாலை வெளியே தள்ள வேண்டும். ஓட்டை வட்டமாகவே இருந்தால் அதே அளவு ஆணி, கோணிப்போனால் ஓர் அளவு பெரிய ஆணி. பள்ளத்தை உள்ளேயிருந்து மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். கொஞ்சம் அதிகமானால் தகடு நீண்டு, தகர டப்பா மூடி போல டொப் டொப் என்று உள்ளே வெளியே போக ஆரம்பித்துவிடும். எங்கே நிறுத்துவது என்பது இவருக்குத் தெரியும். அந்த விஷயத்தில் மாயக்கைதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் பார்ப்பார். "கட்டையைக் கெட்டியா பிடிக்கக் கூடாதா?" என்பார். நோட்டில் "முட்டுக்கட்டை நழுவியது" என்று எழுதுவார். பதினோரு தடவை அதே வரி. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வயசாகிறது, கை தளர்ந்துவிட்டதோ? ஒரு ரப்பர் பந்து வாங்கி, டிவி பார்க்கும்போதெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தேன். வெள்ளை ரெக்சினில் தைக்கிற வேலையை எடுப்பதையே நிறுத்திவிட்டேன். ரெக்சினில் ஊசி ஒரு தடவை தப்பாக இறங்கினால் ஓட்டை ஓட்டைதான், பிரித்துத் தைக்க முடியாது. அத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலையை பக்கத்து மிஷினில் உட்காரும் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, நான் ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது பள்ளம் வால் பகுதியின் கடைசி வரிசையில் விழுந்தது. அன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். கட்டை வியர்வையில் வழுக்கியது. "விடாதீங்க!" என்று கத்தினேன். டர்ர்ர் என்று அடித்துவிட்டார். ஊர்ந்து வந்து தலையை வெளியே நீட்டினேன்.

"நான் விடாதீங்கன்னு சொன்னேன்!"

"விடுங்கன்னுதான் சொன்னே."

"எனக்கென்ன பைத்தியமா?"

"அப்படித்தான் கேட்டுச்சு."

மறுபடி உள்ளே போனேன். இதை இப்படியே விடக்கூடாது என்று தோன்றியது. அடுத்த ஆணிக்குக் கட்டையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்ளேயிருந்து "விழுங்க" என்றேன். டர்ர்ர். அடுத்த ஆணிக்கு "விருந்தாளிங்க" என்றேன். டர்ர்ர். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாவது ஆணிக்கு ஒன்றுமே சொல்லாமல் வெறுமனே இருமினேன்.

டர்ர்ர்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஊர்ந்து வெளியே வந்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு காற்றுக் கம்ப்ரசரை அணைத்துக்கொண்டிருந்தார். கொட்டகை கப்சிப் என்று ஆனது. காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, அவருக்கு இரண்டடி பின்னால் நின்று, "என்னங்க" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். துணியை எடுத்துத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு எதிரே போய் நின்றேன்.

"உங்களுக்குக் காது கேக்கலையா?"

இதே வார்த்தையை ஆயிரம் தடவை திட்டாகச் சொல்லியிருக்கிறேன். கேள்வியாகக் கேட்டது அன்றுதான்.

"தூசி அடைச்சிருக்கும்" என்றார்.

"யாருக்குக் காது குத்தறீங்க?"

துப்பாக்கியைக் கீழே வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். "இடது பக்கம் சுத்தமா இல்ல. வலது பக்கம் பாதி. நாலு வருஷமா. உன் வாயைப் பார்த்தா புரிஞ்சுடும். நீ உள்ள இருந்தா வாய் தெரியாதில்ல? ஏதோ சத்தம் மட்டும் வரும். விடுங்கவா விடாதீங்கவான்னு நானே ஒண்ணு வச்சுக்குவேன்."

உலகத்தில் இருக்கிற எத்தனையோ வார்த்தைகளில் நாங்கள் பொறுக்கி எடுத்தது இந்த இரண்டை. தலையும் வாலும் ஒன்று. செய் என்பதற்கும் செய்யாதே என்பதற்கும் நடுவில் ஒரு துண்டுதான் வித்தியாசம். அந்தத் துண்டுதான் இவர் காதில் விழவே இல்லை.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா மெடிக்கல்ல தள்ளிடுவாங்க. இந்த வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்கணும். அந்த சீட்டுல உக்கார முடியாது."

"அதுக்கு என் கையை மாட்டிவிட்டீங்களா? பன்னிரண்டு தடவை! நான் பந்தைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே, பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

பையிலிருந்த ரப்பர் பந்தை எடுத்து அவர் மேல் எறிந்தேன். அது அவர் மேல் படாமல் சுவரில் மோதி, கொட்டகை முழுக்கத் துள்ளிக்கொண்டு போனது. கோபத்தைக் காட்ட ரப்பர் பந்து தோதுப்படாது. அழுகை வந்துவிட்டது. எனக்கு வலித்தது அவர் காது போனது அல்ல. என் கையை நானே நம்பாமல் போகும்படி விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தாரே, அதுதான்.

நாலு நாள் அவரிடம் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தது அவருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம்தான்.

சனிக்கிழமை பூதக்கண்ணாடி அம்மா வால் பகுதியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வந்தார். நோட்டைப் புரட்டினார். விரல் வரி வரியாக இறங்கி நின்றது. பன்னிரண்டாவது பள்ளத்துக்கும் இவர் அதே வரியைத்தான் எழுதிவைத்திருந்தார்.

"முட்டுக்கட்டை நழுவியது, முட்டுக்கட்டை நழுவியது... பன்னிரண்டு தடவையா?" என்று என்னைப் பார்த்தார். "கை வலி ஏதாவது இருக்கா உங்களுக்கு?"

நான் இவரைப் பார்த்தேன். சொல்ல வேண்டியவர் நான் இல்லை. இவர் அந்த அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கேள்வி புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும், அந்த அம்மா பக்கத்தைத் திருப்பியிருப்பார். இவர் நினைத்ததும் நடந்திருக்கும்.

"அவ கை இல்ல மேடம்" என்றார். "என் காது."

அந்த அம்மா நோட்டை மூடினார். திட்டவில்லை. எந்தப் பக்கம், எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வால் பகுதியில் இருந்த ஒவ்வோர் ஆணியாகப் பார்த்தார். மூன்று மணி நேரம். நாங்கள் கவனிக்காத, சரியாக உட்காராத இன்னும் ஆறு ஆணிகள் கிடைத்தன, மாற்றச் சொன்னார்.

"தகட்டை சரி பண்ணிடலாம்" என்றார் கிளம்பும்போது, இவர் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்தி. "இன்ஜின் கெடறதுக்கு முன்னாடி சத்தம்தான் மாறும். அது உங்களுக்குக் கேக்காது. நீங்க டாக்டரைப் பாருங்க. அவர் சொன்ன பிறகு சீட்டைப் பத்திப் பேசலாம்."

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, தெருமுனையில் நின்று, "உன் கை நல்ல கை" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. இதுதான் வந்தது. பேசுவதற்கு இது போதும் என்று எனக்குத் தோன்றியது, திட்ட ஆரம்பித்தேன்.

காது டாக்டர் இவரை ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே இயந்திரத்தை இயக்குகிற பெண்ணுக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்திலேயே திருட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். இவர் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அசைந்ததும் பொத்தான். கை அசைந்ததும் பொத்தான். முப்பது வருஷ டிங்கர் கண் அல்லவா! நானும் அவரையே பார்த்தேன். முறைக்கக்கூட இல்லை, சும்மாதான் பார்த்தேன். என்னைப் பார்த்துவிட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பொத்தானை அழுத்தியது மிகக் குறைவு. அந்தப் பெண்ணின் கை அசைந்துகொண்டே இருந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் அழுதேன். காது கேட்காதவர் முன்னால் அழுவதில் ஒரு வசதி, திரும்பி நின்றால் போதும்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கருவி வைத்தால் வீட்டில் பேசுவதற்கு உதவும், விமானம் ஓட்டச் சான்றிதழ் தர முடியாது, இனிமேல் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். இவர் தலையை ஆட்டினார். புரிந்துதான் ஆட்டினார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"வித்துடலாமா?" என்று கேட்டேன்.

"வாலே இன்னும் மூடலை, அதுக்குள்ள என்ன விக்கறது?" என்றார். மறுநாள் கொட்டகைக்குப் போனார். நானும் போனேன். வார்த்தையே வேண்டாம் என்று முடிவு செய்தோம். நான் உள்ளேயிருந்து தகட்டில் ஒரு தட்டு தட்டினால் அடிக்க வேண்டும், இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும். அவர் துப்பாக்கி பிடிக்காத கையை வெளியே தகட்டின் மேலேயே வைத்திருப்பார், தட்டுவது அதில் தெரியும். மிச்சமிருந்த வேலை ஒரு வருஷம் ஓடியது. நோட்டில் கீறலைப் பற்றி எழுதினார், கோணிப்போன ஓட்டையைப் பற்றி எழுதினார். முட்டுக்கட்டையைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பழைய பன்னிரண்டு வரிகளையும் அடித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "எனக்குக் கேட்கவில்லை" என்று எழுதிவைத்தார்.

கடைசிக் கையெழுத்தும் விழுந்தது. ஒரு காலை வேளையில், மைதானத்தில், அந்த சீட்டில் பூதக்கண்ணாடி அம்மா ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை இவர்தான் மாட்டிவிட்டார். கதவுக் கண்ணாடியை இவர்தான் மூடினார். பிறகு நடந்து வந்து, ஓடுபாதைக்கு வெளியே புல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். காற்று பலமாக இருந்தது. காதுக் கருவியில் ஹோவென்று இரைகிறது என்று அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அது ஓடியது, ஓடியது, தரையை விட்டு எழுந்துவிட்டது. கை தட்டக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

"சத்தம் எப்படி இருக்கு?" என்றார், கண்ணை அதிலிருந்து எடுக்காமல்.

அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "நல்லா இருக்கு" என்று உரக்கச் சொன்னேன்.

"விட்டு விட்டு வரலையே?"

"இல்ல. ஒரே மாதிரி வருது."

தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மலைப்பக்கம் போனது. புள்ளி மாதிரி ஆனது. நூல் மாதிரி சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது.

"இன்னும் கேக்குதா?"

கேட்கிறது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாய் வரைக்கும் வந்துவிட்டது. மனுஷனுக்கு அந்தச் சத்தமாவது இருக்கட்டுமே என்ற ஆசைதான். அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை.

"இல்லீங்க. எனக்கும் இப்ப கேக்கலை."

திரும்பி என்னைப் பார்த்தார். "அப்போ இப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணு" என்றார். சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு.

புள்ளியும் மறைந்துவிட்டது. வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிஷம் இருக்கும். எனக்குத்தான் முதலில் கேட்டது. வானத்தில் எதுவுமே தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அவர் தோளைத் தொட்டு, "வருதுங்க" என்றேன்.

எங்கே என்று கேட்கவில்லை. உடனே எழுந்து நின்றார்.